மதராஸ் ஆண்ட தீவும் மதராசி கேம்ப்பும்

தில்லி ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலையொட்டி இருந்த மதராசி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. சுமார் 370 குடும்பங்களில் 189 மட்டுமே நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுடையவை எனப்பட்டன. தமிழ் உழைப்பாளிகளின் குடியிருப்புக்குப் பெயராக நின்ற ‘மதராசி’ என்னும் சொல், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ராஜதானி விட்டுச்சென்ற எச்சமாகும். அந்த ராஜதானி சிறிது காலம் ஒரு தீவின் கரையோரத்தையும் ஆண்டது.

1796 பிப்ரவரியில் கொழும்பு டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கண்டி அரசு நீங்கலாக, இலங்கையின் கரையோரப் பகுதிகள் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் நிர்வாகத்தில் வந்தன. வருவாய்ப் பொறுப்பேற்ற ராபர்ட் ஆண்ட்ரூஸ், உள்ளூர்த் தலைமைக்காரர்களான முதலியார்களை ஒதுக்கி, மதராசிலிருந்து அமில்தார்களைக் கொணர்ந்தார். தென்னைமரத்துக்கும் வரி விதிக்கப்பட்டது. 1797இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். டி மியூரோன் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, முதலியார்களை மீண்டும் அமர்த்தப் பரிந்துரைத்தது. 1798 அக்டோபரில் பிரெடெரிக் நார்த் ஆளுநராக வந்தார். 1802இல் அப்பகுதிகள் பிரிட்டிஷ் முடியரசின் நேரடிக் குடியேற்ற நாடாயின. மதராசின் ஆட்சி முடிவுற்றது.

சுரண்டல் முடிந்ததா? இல்லை. அமில்தார் போனார், முதலியார் வந்தார். ராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியம் 1832 வரை நீடித்தது. கொள்ளையடித்தது கம்பெனி, குடியானவர் கண்ணில் பட்டதோ கடல்கடந்து வந்த அமில்தாரின் முகம். அந்த முகத்தை மாற்றியே ஆள்வோர் சினத்தைத் தணித்தனர்.

இப்பாடம் நமக்கு இன்று தேவை. மதராசி கேம்ப் இடிப்பைத் தமிழருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று மட்டும் சுருக்குவோர் பாதி உண்மையையே காண்கின்றனர். அதே ஜூன் மாதத்தில் கல்காஜியின் பூமிஹீன் கேம்ப்பும் இடிபட்டது. அங்கு வாழ்ந்தோரில் பெரும்பாலோர் உத்தரப்பிரதேசம், பீகார், வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த உழைப்பாளிகள். புல்டோசர் மொழி பார்ப்பதில்லை; யாரிடம் நிலப்பட்டா இல்லை என்பதையே பார்க்கிறது.

சொந்த மாவட்டம் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது நன்றே. ஆயினும் அரை நூற்றாண்டாக இந்நகரின் வீடுகளைக் கூட்டிப் பெருக்கியவர்களுக்குத் தில்லியே ஊர். பணியிடத்துக்கு அருகில், விடுபட்ட குடும்பங்களுக்கும் சேர்த்து வீடு என்பதே நம் கோரிக்கையாக வேண்டும். தமிழ் பேசும் தோழர்கள் அக்கோரிக்கையை இந்தியிலும் வங்க மொழியிலும் எழுப்பினால்தான் அது வெல்லும்.