இரண்டு விரலுக்கே ஏன் இந்த அவசரம்?

போன மாதம் என் அக்கா மகளின் பெண்ணுக்குத் தலைச்சன் பிரசவம். ராத்திரி எட்டரை மணிக்கு இடுப்பில் லேசாக வலி, இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து போகிற வலி. அரை மணியில் கார் வந்து, பை ஏறி, அம்மா, மாமியார், புருஷன், புருஷனின் சிநேகிதன் என்று ஒரு கூட்டமே தனியார் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. பரிசோதித்துவிட்டு, "ரெண்டு விரல் திறந்திருக்கு" என்று அட்மிஷன் போட்டார்கள். பதினொரு மணிக்கு வலி வருவதற்கான மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். விடியற்காலை நாலு மணிக்கு, "முன்னேற்றம் இல்லை, சிசேரியன்தான்" என்றார்கள். எனக்குப் போன் வந்தபோது கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

"சித்தி, நீங்க நர்ஸா இருந்தவங்க, சொல்லுங்க, நாங்க செஞ்சது சரிதானே?" என்று அக்கா மகள் கேட்டாள். தாயும் பிள்ளையும் நலம். அந்த நேரத்தில் நான் என்ன சொல்ல? "சரிதான்மா" என்றேன். சரியில்லை என்பதை இங்கே எழுதித் தீர்த்துக்கொள்கிறேன்.

27 வருஷம் அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில் நின்றவள் நான். ஆபரேஷனுக்கு எதிரி இல்லை. குழந்தையின் இதயத் துடிப்பு விழுந்த நேரத்தில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு தியேட்டருக்கு ஓடிய கால்கள் இவை. நான் கேட்பது ஒன்றுதான். இன்னும் தொடங்கவே இல்லாத பிரசவத்தைப் பார்த்து, "முன்னேறவில்லை" என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இந்தக் கடிகாரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1950களில் நியூயார்க்கில் டாக்டர் ஃப்ரீட்மேன் 500 தலைச்சன் பிரசவங்களைக் கவனித்து ஒரு வளைகோடு வரைந்தார். அதை வைத்துத்தான் மூன்று, நான்கு சென்டிமீட்டரிலேயே பிரசவம் வேகம் பிடிக்க வேண்டும் என்று எங்கள் தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தார்கள். 2010இல் அமெரிக்காவில் 19 ஆஸ்பத்திரிகளின் 62 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்த ஜாங் குழுவினர், பல பெண்களுக்கு ஆறு சென்டிமீட்டர் வரை மெதுவாகத்தான் போகிறது, அப்படிப் போனவர்களும் சுகமாகவே பெற்றெடுக்கிறார்கள் என்று காட்டினார்கள். 2014இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமே ஆறு சென்டிமீட்டர்தான் தீவிர வலியின் தொடக்கம் என்று மாற்றிக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐந்து சென்டிமீட்டர் என்றது. தாயும் சிசுவும் நன்றாக இருந்தால், அதற்கு முன் பிரசவத்தைத் துரிதப்படுத்த மருந்தோ சிசேரியனோ வேண்டாம் என்றும் தெளிவாக எழுதியது. இரண்டு விரல் என்பது மூன்று சென்டிமீட்டர்தான். நம் பெண்ணுக்கு அப்போது கடிகாரமே ஓட ஆரம்பித்திருக்கக் கூடாது.

சீக்கிரம் வந்து படுத்தவர்களுக்கு மருந்தும் சிசேரியனும் அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கஷ்டமான பிரசவம் உள்ளவர்கள்தான் சீக்கிரம் வருகிறார்கள், அதனால்தான் அப்படி என்று சில டாக்டர்கள் பதில் சொல்வார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படுக்கையில் போட்டு, ட்ரிப் ஊசி குத்தி, நடக்கவிடாமல், சாப்பிடவிடாமல், மணிக்கொரு தரம் "இன்னும் இல்லையா?" என்று கேட்டால் எந்த உடம்புக்குத்தான் வலி நிலைக்கும்?

நம் பாட்டிமார்களுக்குச் சென்டிமீட்டர் தெரியாது. சூட்டு வலியா, பிள்ளை வலியா என்று பார்க்கச் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். சூட்டு வலி என்றால் அடங்கும், பிள்ளை வலி என்றால் வலுக்கும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கஷாயத்தில் மருந்து இருந்ததோ இல்லையோ, இரண்டு மணி நேரம் பொறுமை இருந்தது. (அதற்காக வீட்டுப் பிரசவத்துக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.)

தமிழ்நாட்டில் இப்போது ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். அது பெரிய சாதனை. அதே தேசியக் குடும்பநல ஆய்வு, 2019-21இல் எடுத்தது, இங்கே 44.9 சதவீதம் சிசேரியன், தனியாரில் 63.8 சதவீதம் என்கிறது. இந்தியாவுக்கே 21.5தான். நம் பெண்களின் இடுப்பு மட்டும் என்ன சுருங்கிப்போய்விட்டதா? முதல் வயிற்றில் கத்தி பட்டால் அடுத்த பிரசவத்திலும் பெரும்பாலும் கத்திதான். தழும்பின் மேல் நஞ்சுக்கொடி ஒட்டிக்கொண்டு ரத்தம் நிற்காமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். முதல் தடவை "ரெண்டும் நலம்" என்று லட்டு கொடுக்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

அதற்காகக் கதவைச் சாத்தவும் நான் சொல்லவில்லை. எங்கள் பக்கத்திலும் பாவம் உண்டு. "இப்ப என்ன அவசரம், காலையில வா" என்று தொட்டுக்கூடப் பார்க்காமல் விரட்டி, அந்தப் பெண் பஸ் ஸ்டாண்டு போவதற்குள் ஆட்டோவிலேயே பெற்ற கதை நான் வேலை செய்த இடத்தில் நடந்தது. அன்று விரட்டியவள் என்னோடு டீ குடித்தவள். நானும் வாய் திறக்கவில்லை. வந்தவளைச் சேர்த்துக்கொள்ளத்தான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. படுக்கை கொடுங்கள், கூட ஒருத்தியை இருக்கவிடுங்கள், கஞ்சி குடிக்கட்டும், வராந்தாவில் நடக்கட்டும். டிரிப்பை மட்டும் கையில் எடுக்காதீர்கள்.

பெற்றவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பனிக்குடம் உடைந்தால், ரத்தம் பட்டால், சிசு அசைவு குறைந்தால், தலைவலியோடு கண் மங்கினால், மாதம் நிறையாமல் வலி வந்தால், முன்பே ஆபரேஷன் ஆகியிருந்தால் ஒரு நிமிஷமும் காத்திருக்காதீர்கள். ஊர் தூரம் என்றாலும் அப்படித்தான், 108ஐ உடனே கூப்பிடுங்கள். மற்றபடி இருபது நிமிஷ வலிக்கு முதலில் டாக்டருக்கோ நர்ஸுக்கோ போன் செய்து கேளுங்கள். "எவ்வளவு நேரமா சும்மா உக்கார்ந்திருக்கோம், ஏதாவது செய்யுங்க" என்று அந்த ராத்திரி நர்ஸை மூன்று தடவை நெருக்கியது நம் வீட்டு ஆட்கள்தானாம். பேத்தி சொன்னாள்.

அவளைப் பார்க்கப் போயிருந்தபோது டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பார்த்தேன். சிசேரியனுக்குக் காரணம், "பிரசவம் முன்னேறவில்லை". சேர்த்தபோது எத்தனை சென்டிமீட்டர், மருந்து ஏற்றியபோது எத்தனை, கத்தி வைத்தபோது எத்தனை என்று அதில் ஒரு வரி இல்லை. "என்ன பாட்டி தேடுறீங்க?" என்றாள். பிள்ளைக்குப் பசி, அழ ஆரம்பித்துவிட்டான். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.