தடுப்பால வந்தவரும் அவர் வந்து சேர்ந்த வீடும்

எங்கட ஊர்களில் "தடுப்பால வந்தவர்" என்று ஒரு சொல் புழங்குது. கலியாணப் பேச்சில், வேலை கேட்டுப் போன இடத்தில், செத்தவீட்டுப் பந்தலுக்குள் கூட, ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது இந்தச் சொல் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் வரும். ஆள் தடுப்பால வந்து பதின்மூன்று வருசம் கடந்திருக்கும். மகள் புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடித்திருப்பாள். அவர் மட்டும் இன்னும் "வந்தவர்" தான். ஊர் அவரை "இருக்கிறவர்" ஆக எடுக்கவில்லை.

இந்தக் கட்டுரையில் நாங்கள் கதைக்க நினைப்பது அவர்களைப் பற்றி மட்டுமில்லை, அவர்கள் வந்து சேர்ந்த வீடுகளைப் பற்றியும்தான். சண்டைக்குப் போன ஒருவர் திரும்பி வரும்போது அவரைத் தாங்குவது வீடு. இது உலகத்தில் எல்லா இராணுவங்களுக்கும் தெரிந்த விசயம். அமெரிக்கா மாதிரி நாடுகளில் சிப்பாயின் குடும்பத்துக்கென்று கைநூலே அச்சடித்துக் கொடுப்பார்கள். முதல் கிழமைகள் எப்படி இருக்கும், கைக்குழந்தை தகப்பனை அடையாளம் காணாமல் அழுதால் என்ன செய்யலாம், ஆளுக்குக் கோபம் அடங்காவிட்டால் யாரோட கதைக்கலாம் என்றெல்லாம் அதில் இருக்கும். எங்கட வீடுகளுக்குக் கிடைத்தது புனர்வாழ்வு முடித்ததற்கான ஒரு சான்றிதழ். மிச்சத்தை வீடு தானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

2009 மே மாதத்துக்குப் பிறகு 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் புனர்வாழ்வு கொடுத்து விடுவித்ததாக அரசாங்கம் சொல்லுது. அதில் 594 பேர் சிறுவர்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பெண்கள். வெலிகந்தை, பூந்தோட்டம், அம்பேபுஸ்ஸ என்று இடங்களின் பெயர்களை நாங்கள் சின்ன வயசில் பெரியாக்களின் கதையில்தான் கேட்டோம். கடைசிச் சண்டை முடியேக்க எங்களுக்கு ஆறு, ஏழு வயசு. எங்களில் சிலருக்கு மாமா, சிலருக்கு சித்தி, சிலருக்கு அப்பா அந்த இடங்களில் இருந்து ஒருநாள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வந்தவர்களில் தானாக விரும்பிப் போனவரும் இருந்தார், கடைசி வருசங்களில் வீட்டுக்கு ஒருவர் என்று இழுத்துப் போகப்பட்டவரும் இருந்தார். ஊருக்கு இரண்டும் ஒன்றுதான். இயக்கத்தின் மேல் தீராத கோபம் உள்ள தாய்மாருக்கும் அதே பிள்ளையைத்தான் ஆமியிடம் கையெழுத்து வைத்து வாங்கி வரவேண்டி இருந்தது.

அந்த வீடுகள் கண்டுபிடித்த விசயங்களை எந்தப் புத்தகத்திலும் நாங்கள் வாசிக்கவில்லை. ஆனால் ஒருவரோடொருவர் கதைக்கும்போது எல்லா வீட்டிலும் அவை ஒரே மாதிரி இருந்ததைக் கண்டோம். நித்திரையில் இருக்கிறவரைத் தொட்டு எழுப்பக் கூடாது, வாசல்படியில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட வேணும். படுக்கும்போது அவருக்குச் சுவர்ப் பக்கமும் கதவு தெரியிற மாதிரி ஒரு இடமும் வேணும். சாப்பாட்டை முன்னுக்கு வைத்தால் அவர் ஐந்து நிமிசத்தில் முடிப்பார், பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. முற்றத்தில் தேங்காய் விழுந்தால், ஆர் என்ன செய்யிறார் என்பதை முதலில் சத்தமாகச் சொல்லிவிட வேணும். மத்தியான வெய்யிலுக்கு உடம்புக்குள் கிடக்கிற செல் துண்டு குத்தும், அந்த நேரம் எரிந்து விழுவார், திருப்பிக் கதைக்கக் கூடாது. இதெல்லாம் அம்மம்மாக்களும் அக்காமாரும் மனைவிமாரும் பிழைவிட்டு, அடிவாங்கி, அழுது பழகினது. "அடிவாங்கி" என்பதை உவமையாகச் சொல்லவில்லை. சில வீடுகளில் அது உண்மையாகவே நடந்தது. தடுப்பால வந்தவரை மதிக்க வேணும் என்பதற்காக அதை மறைக்கிறதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. குடித்துவிட்டு வந்து கை நீட்டுகிற ஒருவருக்கு உதவி தேவைப்படுது. அந்த அடியை வாங்குகிறவவுக்கு அதைவிட முதலில் தேவைப்படுது.

காசு இன்னொரு கதை. பதினேழு வயசில் போய் இருபத்தெட்டு வயசில் திரும்பி வந்தவரிடம் ஓஎல் சேட்டிபிக்கற் இல்லை. இடையில் இருந்த வருசங்களில் என்ன வேலை செய்தீர் என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் என்ன எழுதுறது? மேசன் வேலைக்குப் போனால் முதுகில் கிடக்கிற துண்டு சீமெந்து மூட்டை தூக்க விடாது. உடம்புக்குள் உலோகம் இருப்பதால் எம்ஆர்ஐ எடுக்கிறதும் ஆபத்து, எனவே நோவுக்குக் காரணம் என்ன என்று சரியாகப் பார்க்கவும் வழி குறைவு. பனடோல் இரண்டு போட்டுக்கொண்டு நாட்கூலிக்குப் போகிறார். போக ஏலாத நாளில் வீட்டுக்காரி போகிறா. நுண்கடன் எடுத்ததும் அவதான், கிழமைக்கிழமை கட்டினதும் அவதான். சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளில் வேலை எடுத்தவர்களை ஊர் ஒரு மாதிரிப் பார்த்தது. ஆனால் மாதச் சம்பளம் கொடுக்கக்கூடிய வேறு ஆர் அவர்களைக் கூப்பிட்டார்கள் என்று ஊர் சொல்லவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் வாசலில் மோட்டார்சைக்கிள் வந்து நிற்கும். ஆரம்ப வருசங்களில் காம்புக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேணும். பிறகு வீட்டுக்கே வந்து விசாரித்தார்கள். எங்கே வேலை, ஆர் வந்து போறது, போன் இலக்கம் மாறினதா? ஆளைத் திரும்பவும் கூட்டிக்கொண்டு போகப் போகினமோ என்ற பயத்தில் ஒரு குடும்பம் எப்படி ஆறும்? 2016 இல் முன்னாள் போராளிகள் சிலர் இறந்தபோது, தடுப்பில் போட்ட ஊசிதான் காரணம் என்ற சந்தேகம் வடக்கு முழுக்கப் பரவியது. வடமாகாண சபை மருத்துவப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தது. ஊசிக் கதை நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அந்த மாதங்களில் ஒரு சாதாரணக் காய்ச்சலுக்குக் கூட எத்தனை வீடுகள் நடுங்கிப் போயின என்பதைக் கண்டவர்களுக்கு, புனர்வாழ்வு முடிந்தது என்ற அறிவிப்பு எவ்வளவு வெறுமையானது என்று தெரியும். 2022 இல் புனர்வாழ்வுப் பணியகத்துக்கான சட்டமூலம் வந்தபோது, போதைப்பொருளுக்கு அடிமையானவர்களோட சேர்த்து முன்னாள் போராளிகளும் அதில் இருந்தார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அது எடுபட்டு, 2023 ஜனவரியில் சட்டம் நிறைவேறியது. பதின்மூன்று வருசத்துக்குப் பிறகும் இவர்களை எங்கேயாவது திரும்ப அனுப்பலாம் என்று ஆரோ மேசையில் இருந்து எழுதியிருக்கிறார்கள்.

திரும்பி வந்த பெண்களின் கதை தனியானது. ஆண் வந்தால் "பாவம், கஷ்டப்பட்டவன்" என்றாவது ஒரு சொல் கிடைக்கும். பெண் வந்தால் தடுப்பில் என்ன நடந்திருக்கும் என்று ஊர் தானே ஒரு கதை எழுதிவிடும். முடியை வளர்க்கச் சொன்னார்கள், சைக்கிள் ஓடுற விதத்தை மாற்றச் சொன்னார்கள், உரத்துக் கதைக்காதே என்றார்கள். ஒரு படையணியை நடத்தின கையால் சீலைக்கு ஓரம் தைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். மகளிர் அரசியல்துறையில் இருந்த தமிழினி விடுதலையாகி வந்து எழுதிய "ஒரு கூர்வாளின் நிழலில்" 2016 இல் அவர் இறந்த பிறகுதான் புத்தகமாக வந்தது. வந்த உடனேயே அவர் துரோகியா, அதை உண்மையில் அவர்தான் எழுதினாரா என்று சண்டை பிடித்தோமே தவிர, புற்றுநோயோட இருந்த ஒரு பெண் திரும்பி வந்த பிறகு எப்படி வாழ்ந்தார் என்ற கேள்வி பெரிதாக எழவில்லை. தமிழில் நாங்கள் கண்ட வீடு திரும்பல் படம் என்றால் 2012 இல் வந்த "இனி அவன்". ஊருக்குத் திரும்புகிற முன்னாள் போராளியை ஊர் எந்தக் கண்ணால் பார்க்கும் என்பதை அது காட்டியது. அதை எடுத்தவர் அசோக ஹந்தகம என்ற சிங்கள இயக்குநர். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கட குறும்படப் பெடியள் இதை யோசிக்கலாம்.

சிங்களம் என்றவுடன் இன்னொன்றும் சொல்ல வேணும். எங்களோட படிக்கிற ஒரு நண்பனின் அப்பா வடக்கில் நின்ற சிப்பாய். லீவில் வரும் முதல் இரண்டு நாளும் அப்பாவோட கதைக்கக் கூடாது என்று அம்மா சொல்லி வைப்பாவாம். ஓய்வு பெற்ற பிறகும் சித்திரைப் புதுவருசத்துக்கு வெடி கொளுத்தும்போது அவர் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வாராம். கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு அது வேறு வீட்டுக் கதையாகத் தெரியவில்லை. அதற்காக இரண்டும் ஒன்று என்று சொல்லி முடிக்கவும் எங்களுக்கு விருப்பமில்லை. அவர்களுக்கு ஓய்வூதியம் இருக்குது, 1999 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் அமைத்த ரணவிரு சேவா அதிகாரசபை இருக்குது, காயப்பட்டவர்களுக்கு அநுராதபுரத்தில் அபிமன்சல மாதிரி இடங்கள் இருக்குது. ஓய்வூதியம் போதாது என்று காயப்பட்ட சிப்பாய்கள் கொழும்பில் வீதியில் இருந்ததையும் நாங்கள் செய்தியில் பார்த்தோம். அந்த அரசு தன்னுடைய ஆக்களையே முழுசாகத் தாங்கவில்லை. எங்கட ஆக்களுக்கு அது விசாரணையாகத்தான் வீட்டுக்கு வந்தது. ஆனாலும் இரண்டு பக்கத்திலும் விடிய நாலு மணிக்கு எழும்பி, நித்திரை இல்லாமல் திண்ணையில் இருக்கிறவருக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தது ஒரு பெண்தான்.

அரசைக் குறை சொல்வது சுலபம், அது தேவையும்கூட. எங்கட சமூகத்தை என்ன சொல்றது? நவம்பர் 27 க்கு மஞ்சள் சிவப்புக் கொடி கட்டி, இறந்தவர்களுக்கு ஈகைச்சுடர் ஏற்றுகிறோம். அது வேணும். அந்த மரியாதையில் எங்களுக்குக் கேள்வி இல்லை. அதே ஊரில், அதே பிள்ளைகளோட ஒரே பதுங்குகுழியில் இருந்து உயிரோட வந்தவருக்கு கோயில் நிர்வாகத்தில் இடமில்லை, அவருடைய தங்கச்சிக்குப் பேசின கலியாணம் நிற்குது. உயிரோட வந்ததே சந்தேகத்துக்குரிய விசயமாகிப் போனது. "எப்பிடித் தப்பினவர்?" என்று கேட்கிற கேள்விக்குள் என்ன இருக்கென்று கேட்கிறவருக்கும் தெரியும், கேட்கப்படுகிறவருக்கும் தெரியும். தேர்தல் மேடைகளில் "போராளிகளின் தியாகம்" என்று முழங்குகிறவர்களில் எத்தனை பேர் தங்கட கடையில் ஒரு போராளிக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்கள் போதும் என்று நினைக்கிறோம்.

பல்கலைக்கழகமும் இதில் தப்பவில்லை. இறுதி வருட ஆய்வுக்கு "முன்னாள் பெண் போராளிகளின் சமூகப் பொருளாதார நிலை" என்று ஆராவது தலைப்பு எடுக்காத பட்ச் எங்கட பீடத்தில் இல்லை. கேள்விக்கொத்தோட போவார்கள், நாற்பது வீடு ஏறுவார்கள், வீத வரைபடம் போடுவார்கள், ஏ எடுப்பார்கள். அந்த அக்கா ஐந்தாவது பட்சுக்கும் அதே கதையைச் சொல்லி, ஐந்தாவது தரமும் இரவு நித்திரை இல்லாமல் கிடப்பா. யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர் தனி ஆளை மட்டுமில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துது என்று பல காலமாக எழுதி வருகிறார்கள். அவர் தமிழில் எழுதிய "மனவடு" எங்கட நூலகத்தில் கிடக்கும். அதை வாசித்துவிட்டுக் கேள்விக்கொத்தைத் தயாரித்தால் முதல் கேள்வியே மாறியிருக்கும். போராளியாக இருந்தவரிடம் "என்ன நடந்தது?" என்று கேட்பதை விட்டு, வீட்டில் இருக்கிறவரிடம் "நீங்கள் எப்பிடிச் சமாளிக்கிறீங்கள்?" என்று கேட்டிருப்போம்.

எங்களுக்கு வேண்டியது சிக்கலானது இல்லை. மாவட்ட வைத்தியசாலைகளில் செல் துண்டோட வாழ்கிறவர்களுக்கென்று மாதத்தில் ஒருநாள் கிளினிக் இருக்க வேணும், அங்கே பெயர் பதிய ஒருவரும் தடுப்புக் கதையைக் கேட்கக் கூடாது. உளவளத்துணை என்று வருகிறவர்கள் சீருடைக்காரரோட வரக்கூடாது, வந்தால் மனைவிமாரோடயும் தனியக் கதைக்க வேணும். இழப்பீட்டுக்கான அலுவலகத்தை உருவாக்கிய 2018 ஆம் ஆண்டுச் சட்டத்தில் உளசமூக உதவியும் இழப்பீட்டின் ஒரு பகுதிதான். அதைக் கேட்டு விண்ணப்பிக்கலாம், விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கிற வேலையை ஆய்வுக்குப் போற நாங்களே செய்யலாம். விசாரணைக்கு வீடு தேடி வருவது நிற்க வேணும். அது நிற்காமல் மற்றது ஒன்றும் சரிவராது. அவசரத்துக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்குது. அதை அவருக்கு மட்டுமில்லை, அவரைப் பார்க்கிறவவுக்கும் எழுதிக் கொடுங்கோ.

வாற தீபாவளிக்கு ஒன்று மட்டும் செய்யுங்கோ. முதல் வெடி கொளுத்த முன்னம், தடுப்பால வந்தவர் இருக்கிற பக்கத்து வீட்டுப் படலையில் நின்று எத்தனை மணிக்குக் கொளுத்தப் போறம் என்று சொல்லிப் போட்டுப் போங்கோ. சொன்னால் அவர் அந்த நேரம் பார்த்துச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வயல் பக்கம் போயிடுவார். அக்காவும் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்து பலகாரம் சுடுவா.