ஆண்ட்ரூவின் பட்டங்கள் பறிப்பு: மன்னர் நினைத்தால் எல்லாத்தையும் எடுத்துவிட முடியுமா?

பிரிட்டன் மன்னர் 3-ம் சார்லஸ், தன் தம்பி ஆண்ட்ரூவின் பட்டங்களைப் பறிக்கும் நடவடிக்கையைத் தொடங்கிவிட்டதாக 2025 அக்டோபர் 30-ல் பக்கிங்ஹாம் அரண்மனை அறிவித்தது. பாலியல் குற்றவாளி ஜெஃப்ரி எப்ஸ்டீனுடன் இருந்த நட்புதான் பின்னணி. வர்ஜீனியா ஜூஃப்ரே சொன்ன பாலியல் புகாரை ஆண்ட்ரூ மறுத்தே வந்தார். 2022-ல் அந்த வழக்கு, அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே சமரசத்தில் முடிந்தது.

சரி, மன்னர் ஒரு கையெழுத்து போட்டா எல்லாம் போயிடுமா? இல்லை. ஒவ்வொரு கௌரவத்துக்கும் ஒவ்வொரு நடைமுறை.

இளவரசர் பட்டம்

பிறப்பால் வந்தது. இதை நீக்க மன்னரின் உத்தரவே போதும். நவம்பரில் அந்த உத்தரவு வந்தது. இனி அவர் வெறும் ஆண்ட்ரூ மவுன்ட்பேட்டன் விண்ட்சர்.

யார்க் டியூக் பட்டம்

1986-ல் திருமணத்தின்போது தாய் எலிசபெத் கொடுத்தது. இதை முழுசா ரத்து செய்ய நாடாளுமன்றத்தில் சட்டம் வேண்டும். அந்த வழிக்குப் போகாமல், பிரபுக்கள் பதிவேட்டிலிருந்து பெயரை மட்டும் நீக்கிவிட்டார்கள். அதாவது, பட்டம் சட்டப்படி இருக்கு. ஆனா பயன்படுத்த முடியாது.

கார்ட்டர் விருது

14-ம் நூற்றாண்டில் தொடங்கிய, பிரிட்டனின் மிகப் பழைய வீரத்திருத்தகை விருது. ஆண்ட்ரூவுக்கு 2006-ல் கிடைத்தது. இதை மன்னரே ரத்து செய்யலாம். டிசம்பரில் அரசிதழில் அறிவிப்பு வந்தது. 2011-ல் பெற்ற ராயல் விக்டோரியன் விருதும் கூடவே போனது.

இதற்கு முன் ஜெர்மனி பேரரசர் 2-ம் வில்ஹெல்ம் 1915-லும், ஜப்பான் பேரரசர் ஹிரோஹிட்டோ 1941-லும் கார்ட்டரை இழந்தார்கள். இருவரும் அப்போது போரில் எதிரிகள். ஹிரோஹிட்டோவுக்கு 1971-ல் திரும்பக் கிடைத்தது. இந்த முறை பெயர் அடிக்கப்பட்டது மன்னரின் சொந்தத் தம்பிக்கு.

வெளிநாட்டு விருதுகள்

இதில் சார்லஸ் கை வைக்க முடியாது. எந்த நாடு கொடுத்ததோ, அந்த நாடுதான் திரும்பப் பெற முடியும்.

மிச்சம் என்ன?

1982 ஃபாக்லாந்து போரில் ஆண்ட்ரூ ஹெலிகாப்டர் விமானி. அதற்கான பதக்கம் இந்த அறிவிப்புகளில் இல்லை. அரியணை வரிசையிலும் 8-வது இடத்தில் அப்படியே நீடித்தார். அதை மாற்ற பிரிட்டனில் சட்டம் வேண்டும். சார்லஸை மன்னராக ஏற்கும் மற்ற 14 நாடுகளின் சம்மதமும் வேண்டும்.

கவனிக்க வேண்டியது இதுதான். டியூக் பட்டத்துக்குச் சட்டம் கொண்டு வந்திருந்தால், எம்.பி.க்கள் எழுந்து கேள்வி கேட்டிருப்பார்கள், விவாதம் பதிவாகியிருக்கும். பதிவேட்டு வழியில் அதற்கு இடமே இல்லை. பட்டம் போவது ஒரு அவமானம், அவ்வளவுதான். குற்றம் நடந்ததா என்பதை விசாரணையும் நீதிமன்றமும்தான் சொல்ல முடியும்; அரண்மனை அறிவிப்பு சொல்லாது.