“சும்மா” வாசிக்கும் போதகர்



“ஐயர் வீட்டுக்குப் போனேன், சும்மா புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார்” என்று சபையார் சொல்வதுண்டு. அந்தச் “சும்மா” என்ற சொல்லோடுதான் இந்த வாரம் எனக்கு வழக்கு.

சிறையிலிருந்த பவுல், மாரிகாலத்துக்கு முன் வந்துசேரும்படி தீமோத்தேயுவை அழைக்கிறார். வரும்போது துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும், முக்கியமாகத் தோற்சுருள்களையும் கொண்டுவரச் சொல்கிறார் (2 தீமோத்தேயு 4:13, 21). குளிரில் மேலங்கி கேட்டதை எவரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை. அதே வாக்கியத்தில் கேட்ட புஸ்தகங்கள் மட்டும் எப்படி ஆடம்பரமாகும்?

நம் மண்ணின் சான்று ஒன்றும் உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் ஏடுகளைத் தேடிச் சேர்த்து வாசித்தார். 1708-இல் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குக் குறிப்புகளோடு பட்டியலே எழுதினார். அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்தது. அவர் “சும்மா” வாசித்த ஏடுகளின் பலனை நாம் இன்றும் அனுபவிக்கிறோம்.

“பேசவேண்டியதை ஆவியானவர் தருவார், ஆயத்தம் எதற்கு?” என்று கேட்கும் போதகர்களும் இருக்கிறார்கள். அந்த வாக்குத்தத்தம் (மத்தேயு 10:19, 20) ஆலோசனைச் சங்கங்களுக்கும் அதிபதிகளுக்கும் முன்பாக இழுத்துச்செல்லப்படும் சீஷருக்கு உரியது. சனிக்கிழமை இரவுவரை திருமண மண்டபக் கணக்கைப் பார்த்துவிட்டு, ஞாயிறு காலை வெறுங்கையோடு பிரசங்கபீடம் ஏறுகிறவருக்கு அது கொடுக்கப்படவில்லை.

“வியாதியஸ்தரைச் சந்திக்காமல் புத்தகமா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆடுகளுக்கு ஒளிந்துகொள்ளப் புத்தகத்தைத் திரையாக்குகிற போதகர் மேய்ப்பர் அல்லர். ஆனால் துக்க வீட்டுக்கு அவர் எதைக் கொண்டுவருகிறார் என்பதும் முக்கியம். யோபின் சிநேகிதர் ஏழு நாள் மௌனமாய் உட்கார்ந்திருந்தார்கள்; வாய் திறந்த பின்போ தேவகோபத்துக்கு ஆளானார்கள். அந்தப் புஸ்தகத்தை முடிவுவரை நிதானித்து வாசித்தவர், பிள்ளையைப் பறிகொடுத்த தாயின்மேல் அவசரமாக ஒரு வசனத்தை எறிந்துவிட்டுப் புறப்படமாட்டார்.

அப்படியானால் நேரம் எங்கே போகிறது? அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துப்பாருங்கள். விதவைகளின் முறையீட்டை அப்போஸ்தலர்கள் அற்பமாக எண்ணவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழுபேரைச் சபை தெரிந்தெடுத்தது. அப்போஸ்தலர்கள் அவர்கள்மேல் கைகளை வைத்துப் பொறுப்பை முழுமையாக ஒப்படைத்தார்கள். நமக்கும் உபதேசியார் உண்டு, செயலர் உண்டு, பொருளாளர் உண்டு. ஆயினும் வெள்ளையடிப்பு முதல் ஒலிபெருக்கிப் பழுதுவரை ஐயரின் சொல்லுக்காகக் காத்திருக்கிறது. சாவிக்கொத்தைக் கைவிட மனமில்லாத போதகர்மேல் பாதிக் குற்றம். உபதேசியார் சொன்னால் ஏற்காமல், “ஐயரே சொல்லட்டும்” என்று நிற்கும் சபையார்மேல் மறுபாதி.

வேலையைப் பகிர்வது சுமையைத் தோள் மாற்றுவது மட்டுமன்று. உபதேசியாரும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களும் வாரம் ஒருமுறை போதகரோடு அமர்ந்து ஓர் அதிகாரத்தையாவது வாசிக்கவேண்டும். வாசிக்காத ஊழியர் குழு உத்தரவுக்காகக் காத்திருக்கும். சேர்ந்து வாசிக்கும் குழு, செய்வதற்கான காரணத்தை அறிந்து செய்யும்.

ஆகவே, அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் பந்தல் செலவுக்குப் பின்பாவது இவ்விரண்டையும் கேளுங்கள்: நம் போதகர் வாசிக்க வாரத்தில் எந்த இரண்டு காலைவேளைகளை ஒதுக்கியிருக்கிறோம்? நூல்களுக்கு எவ்வளவு ரூபாய் வைத்திருக்கிறோம்? மரணமோ கடும் வியாதியோ நேர்ந்தாலொழிய அந்தக் காலைவேளைகளில் அவரை அழையாதிருங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும், “ஐயா, இப்போது என்ன வாசிக்கிறீர்கள்?” என்று விசாரியுங்கள். அவரிடம் பதில் இல்லையென்றால் கோபிக்காதிருங்கள். அவருடைய வாரம் எங்கே செலவாயிற்று என்று அவரோடு உட்கார்ந்து எண்ணிப்பாருங்கள்.

வெறுமையான களஞ்சியத்திலிருந்து ஆடுகளுக்குத் தீவனம் வராது. கர்த்தர்தாமே நம் போதகர்களையும் சபைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.