எண் பிழைக்கு மாணவனைத் தண்டிப்பதா?



ஜொகூரில் பள்ளிகளுக்கிடையிலான கூடைப்பந்தாட்டங்களில் ஒரு கொடுமையைக் காண்கிறேன். ஆட்டப் பதிவேட்டில் 7 என்றிருக்கும். மாணவன் 17 அணிந்து நிற்பான். உடனே அவனை வெளியே அமர்த்திவிடுகிறார்கள். "விதி அப்படி" என்று விளக்கம் வேறு!

எந்த விதி? பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விளக்கப்படி, எண் தவறாயிருந்தால் ஆட்டம் தொடங்கிய பின்னரும் திருத்தலாம், தண்டனை ஏதுமில்லை. இதற்கு 'டெக்னிக்கல் ஃபவுல்' வழங்குவது அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் வழக்கம். அங்கும் அது அணியின் கணக்கில்தான் சேரும், மாணவனை வெளியேற்றுவதில்லை.

4 முதல் 15 வரை மட்டுமே அணியலாம் என்று இன்னும் சாதிப்போரும் உளர். அக்கட்டுப்பாடு 2014இலேயே நீங்கிவிட்டது. இன்று 0, 00, 1 முதல் 99 வரை எதையும் அணியலாம்.

எண் முக்கியமில்லை என்று நான் கூறவில்லை. நடுவர் விரல்களால் காட்டும் எண்ணைக் கொண்டே பதிவாளர் தவற்றைக் குறிக்கிறார். ஒருவன் செய்த தவறு இன்னொருவன் பெயரில் ஏறினால், ஐந்தாவது தவற்றில் வெளியேறுபவன் குற்றமற்றவனாக இருப்பான். அதனால்தான் திருத்தச் சொல்கிறது விதி.

உண்மையில் அஞ்ச வேண்டியது விடுபட்ட பெயருக்கு! ஆட்டம் தொடங்கிவிட்டால் அதைச் சேர்க்க வழியே இல்லை. ஆட்டத்துக்குக் குறைந்தது 10 நிமிடங்களுக்கு முன் பெயர்களையும் எண்களையும் உறுதிசெய்து கையொப்பமிடுபவர் பயிற்றுநர். பதினோரு வயதுச் சிறுவன் அல்லன்.

எண்கணிதம் பார்த்துப் பிள்ளைக்கு 9தான் வேண்டுமென்று வாதாடும் பெற்றோரே, அந்தப் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறையேனும் கேட்டதுண்டா? பயிற்றுநர் அதை மாணவர் முன்னிலையில் உரக்கப் படித்துவிட்டுக் கையொப்பமிடட்டும். இரண்டு நிமிட வேலைதான்.