சாவிக்கொத்தில் ஒரு சிறு கத்தி



நம் சங்க இதழில் ஜி.எஸ்.டி., உரிமம், கடை வாடகை என்று பெரிய விஷயங்களைப் பலரும் எழுதுகிறார்கள். அவை அவசியமானவை. நான் எழுத எடுத்துக்கொண்டது மிகச் சிறிய விஷயம். கடை திறந்தது முதல் அடைப்பது வரை நூறு முறையாவது நமக்குத் தேவைப்படும் ஒரு பொருள் பற்றியது. அதுதான் கத்தி.

சரக்கு வந்து இறங்கியதும் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கடைப் பையன் பாதி ஷேவிங் பிளேடைத் தேடுவான். அது கிடைக்காவிட்டால் சாவியால் டேப்பைக் கீறுவான். அதுவும் முடியாவிட்டால் பல்லால் கடித்து நூலை அறுப்பான். வெல்லம் உடைக்கும் அரிவாளை எடுத்து அட்டைப் பெட்டியைக் கிழிப்பவர்களும் உண்டு. லட்சக்கணக்கில் கொள்முதல் செய்கிறோம். அந்தச் சரக்கைப் பிரிப்பதற்கு உருப்படியாக ஒரு கருவி வைத்துக்கொள்வதில்லை.

இதில் நஷ்டம் எப்படி வருகிறது என்று வியாபாரக் கணக்காகவே பார்க்கலாம். அட்டைப் பெட்டியின் கனம் சில மில்லி மீட்டர்தான். அதற்கு அடியில் உடனே சரக்கு இருக்கிறது. நீளமான கத்தியை அழுத்தி இழுத்தால் மேல் வரிசை பிஸ்கட் பாக்கெட்டோ, சலவைத் தூள் பாக்கெட்டோ கிழிந்துவிடும். கத்தி பட்ட பாக்கெட்டை மாற்றித் தரும்படி கேட்டால், ‘இது உங்கள் கடையில் ஏற்பட்ட சேதம், கிளெய்ம் கிடையாது’ என்று கம்பெனிப் பிரதிநிதி சொல்லிவிடுவார். அவர் சொல்வதும் நியாயம்தானே. ஒரு பெட்டிக்கு இரண்டு பாக்கெட் போனால் அந்தப் பெட்டியின் லாபமே போய்விட்டது என்று அர்த்தம்.

கைக்கு ஏற்படும் சேதம் இதைவிடப் பெரிது. என்னிடம் சரக்கு எடுக்கும் ஒரு சில்லறைக் கடையில், பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கிய சிப்பத்தைப் பாதி பிளேடால் அறுத்த பையனுக்கு உள்ளங்கையில் ஆழமாக வெட்டு விழுந்தது. தையல், டெட்டனஸ் ஊசி, பத்து நாள் வேலையில்லை. பாதி பிளேடுக்குப் பிடி கிடையாது. அறுக்கும் பொருள் திடீரென்று விடுபட்டால் அது விரலில்தான் இறங்கும். நம்மை நம்பி வேலைக்கு வந்த பிள்ளையின் கைக்கு நாம்தான் பொறுப்பு.

ஆகவே ஒவ்வொரு வியாபாரியும் தன் சாவிக்கொத்திலேயே ஒரு சிறு கத்தி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. மேஜை அறையில் வைத்த கத்தி அவசரத்துக்குக் கிடைக்காது. தராசுப் பக்கம் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட கத்தி கிட்டங்கிக்கு வராது. கடைச் சாவி மட்டும் எப்போதும் நம்மோடு இருக்கும். அதோடு சேர்ந்திருக்கும் பொருளைத் தேட வேண்டிய வேலையே இல்லை.

எந்தக் கத்தியை வாங்குவது என்பதுதான் கேள்வி. கடைகளில் இன்று கிடைப்பவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கத்தரிக்கோலும் சேர்ந்த மடக்குக் கத்தி. இதில் பெயர் பெற்றது சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ். 1884-ல் இபாக் என்ற ஊரில் கார்ல் எல்சனர் என்பவர் தொடங்கிய பட்டறை அது. 1891-ல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார்கள். பல கருவிகள் சேர்ந்த கத்திக்கு 1897-ல் பதிவு பெற்றார்கள். அவர்களுடைய ‘கிளாசிக்’ என்னும் சிறு கத்தி மடக்கிய நிலையில் 58 மில்லி மீட்டர்தான், அதாவது இரண்டேகால் அங்குலம். கத்தி அலகு ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவு. அதற்குள்ளேயே கத்தரி, நகம் தேய்க்கும் அரம், சிறு திருப்புளி முனை, முள் எடுக்கும் இடுக்கி, பல்குத்தி எல்லாம் அடங்கியிருக்கின்றன. கனம் சுமார் 22 கிராம். சட்டைப் பையில் இருப்பதே தெரியாது.

இரண்டாம் வகை, நாம் ‘பேப்பர் கட்டர்’ என்று சொல்வது. முனை மழுங்கினால் ஒரு துண்டை ஒடித்துவிட்டு அடுத்த துண்டைப் பயன்படுத்தலாம். இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானில் ஒசாகா நகரத்தில் அச்சுத் தொழிலில் காகிதம் வெட்டிக்கொண்டிருந்த யோஷியோ ஒகாடா. வருஷம் 1956. உடைந்த கண்ணாடித் துண்டின் கூர்மையையும், கோடு கோடாக ஒடியும் சாக்லேட் கட்டியையும் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். ‘ஒடிக்கும் அலகு’ என்ற பொருள் தரும் ஜப்பானியச் சொற்களிலிருந்துதான் ‘ஓல்ஃபா’ என்ற கம்பெனிப் பெயரே வந்தது. ஒரு தொழிலாளி தன் கைவேலையின் கஷ்டத்திலிருந்தே உலகம் முழுதும் விற்கும் சரக்கை உண்டாக்கிவிட்டார் என்பது நாம் யோசிக்க வேண்டிய விஷயம். 9 மில்லி மீட்டர் அகலம் சிறு வேலைக்கு, 18 மில்லி மீட்டர் அகலம் பெட்டி வேலைக்கு.

மூன்றாம் வகை, சாவி போலவே இருந்து மடங்கும் மெல்லிய கத்தி. பார்க்க அழகு, விலையும் சகாயம். ஆனால் பிடிப்பதற்கு இடம் போதாது. ஐந்து பெட்டி பிரிப்பதற்குள் விரல் வலிக்கும். மறையாணி சீக்கிரம் ஆட்டம் கொடுக்கும். சட்டைப் பையில் தானாகத் திறந்துகொண்டால் துணியும் போகும், தோலும் போகும்.

நான்காம் வகை, அலகு உள்ளே பதிந்து, ஒரு சிறு வாய் மட்டும் தெரியும் பாதுகாப்புக் கட்டர். டேப், பட்டை, நூல் ஆகியவை அந்த வாய்க்குள் நுழைந்து அறுபடும். விரல் நுழையாது.

இவற்றில் என் சிபாரிசு இதுதான். கல்லாவில் உட்காரும் முதலாளிக்கு முதல் வகை. அவர் செய்வது கவர் பிரிப்பது, நூல் நறுக்குவது, கூரியர் பார்சல் திறப்பது, மூக்குக் கண்ணாடித் திருகு முடுக்குவது போன்ற வேலைகள். கத்தியைவிடக் கத்தரிதான் அவருக்கு அதிகம் பயன்படும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்த பிறகு, காகிதப் பொட்டலமும் நூல்கண்டும் மறுபடி பல கடைகளுக்குத் திரும்பியிருக்கின்றன. நூலுக்குக் கத்தரி போல வராது. கிட்டங்கியில் பெட்டி பிரிக்கும் ஆட்களுக்கு நான்காம் வகையே உத்தமம். தடித்த அட்டையை வெட்டி மடிக்க வேண்டியிருந்தால் மட்டும் பேப்பர் கட்டர். ஒரே கத்தி எல்லாவற்றுக்கும் போதும் என்று நினைப்பது, ஒரே படியால் எண்ணெயும் அளந்து பருப்பும் அளப்பது மாதிரி.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. அலகைத் திறந்து பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. மடக்கும்போது வில் ‘டக்’ என்று இழுத்துப் பிடிக்க வேண்டும். தளர்வாக விழுந்தால் வேண்டாம். எவர்சில்வர் அலகு நமக்கு ஏற்றது. கார்பன் எஃகு நன்றாகக் கூர் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் உப்பு, புளி, மிளகாய் வற்றல் புழங்கும் கடையில், அதிலும் கடலோர ஊர்களில், இரண்டே நாளில் துரு ஏறிவிடும். வெள்ளை நிறப் பீங்கான் அலகு துருப்பிடிக்காது, ஆனால் கீழே விழுந்தால் உடையும். சிவப்புப் பிடியும் சிலுவைக் குறியும் போட்ட போலிச் சரக்கு சந்தையில் நிறைய இருக்கிறது. அசல் கத்தியில் அலகின் அடியில் கம்பெனிப் பெயர் தெளிவாகப் பொறித்திருக்கும். பில் போட்டு வாங்குங்கள். நம் கடையில் வாங்குகிறவர் பில் கேட்டு வாங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற நாம் அதைக் கடைப்பிடிப்பதுதான் மரியாதை.

“வியாபாரி மடியில் கத்தி வைத்துக்கொள்வது முறையா? போலீஸ் தொந்தரவு வராதா?” என்று சிலர் கேட்கக்கூடும். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. அதிலும் வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு இருக்கிறது. ஒன்றரை அங்குலக் கத்தி அந்தக் கணக்கிலேயே வராது. இருந்தாலும் பொத்தானை அமுக்கினால் பாயும் கத்தியை வாங்காதீர்கள். அது நம் தொழிலுக்கு வேண்டியதும் இல்லை, பார்ப்பவர் மனதில் நல்ல எண்ணத்தையும் உண்டாக்காது. விமானத்தில் கைப்பையில் கத்தி வைக்க அனுமதி இல்லை. சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். கோர்ட், மந்திரி வரும் கூட்டம் போன்ற இடங்களுக்குப் போகும்போதும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இதற்காகவே எளிதில் கழற்றும் கொக்கி வளையத்தில் மாட்டிக்கொள்வது நல்லது.

கத்தி இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் வெட்டவும் கூடாது. மூட்டை வாய்த் தையல் சங்கிலித் தையல். தையல் முடிந்த பக்கத்து நூலை மட்டும் நறுக்கி இழுத்தால் சரசரவென்று முழுவதும் பிரிந்து வந்துவிடும். சாக்கு கிழியாது. கத்தியால் வாயைக் கிழித்தால் காலிச் சாக்குக்கு விலை போகாது. சணல் சாக்கு நல்ல நிலையில் இருந்தால் அதுவும் காசுதான்.

பயன்படுத்தும் முறையும் முக்கியம். உடம்புக்கு வெளிப்பக்கமாகத்தான் அறுக்க வேண்டும். சாவிக்கொத்தில் வரும் சிறு கத்திகள் பலவற்றுக்குப் பூட்டு கிடையாது. குத்தினாலோ, அலகின் முதுகில் அழுத்தினாலோ மடங்கி விரலைக் கடிக்கும். அட்டைப் பெட்டியில் இரும்புப் பின் அடித்திருந்தால் அதன் மேல் அலகை இழுக்காதீர்கள். கூர் உடனே போய்விடும். மழுங்கிய கத்திதான் அதிகம் கையை வெட்டும். கூர் இல்லாததை அதிக பலத்தோடு அழுத்துகிறோம், அது வழுக்குகிறது. தெருவில் வரும் சாணைக்காரரிடம் இந்தச் சின்ன அலகைக் கொடுத்தால் பாதி தேய்ந்துவிடும். நைசான சாணைக்கல்லில் சாய்வாக வைத்து, இரண்டு பக்கமும் மாறி மாறி மெதுவாகத் தீட்டினால் போதும். மடங்கும் இடத்தில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளாக நாளாகப் பிசுக்குப் பிடிக்கும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

பேப்பர் கட்டரில் ஒடித்த துண்டுகளைக் குப்பையில் போடுகிறோமே, அதை அள்ளுவது யாருடைய கை? தூய்மைப் பணியாளரின் கை. ஒரு காலி டப்பாவின் மூடியில் கீறல் போட்டு உண்டியல் மாதிரி வைத்து, ஒடித்த துண்டுகளை அதில் சேர்த்து, நிறைந்ததும் டேப் சுற்றிப் பழைய இரும்புக்குப் போடலாம். செலவு ஒன்றுமில்லை.

கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கீழே வைத்தால் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நம் பெரியவர்கள் பழக்கியிருக்கிறார்கள். சண்டை வரும் என்று காரணம் சொன்னார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், கை வெட்டுப்படாமல் இருக்க அதைவிட நல்ல முறை கிடையாது. புதிதாக வேலைக்குச் சேரும் பையனுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுங்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு கோரிக்கை. உறுப்பினர் கடைகளில் வேலை செய்வோருக்காக நல்ல பாதுகாப்புக் கட்டர்களை மொத்தமாகக் கொள்முதல் செய்து அசல் விலைக்குக் கொடுக்கலாம். மொத்த வியாபாரிகள் இத்தனை பேர் இருக்கும் சங்கத்துக்கு இது கஷ்டமே இல்லை. அதோடு கடைக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வைக்க வேண்டும் என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டால் இன்னும் நல்லது.

ஆயுத பூஜையன்று தராசுக்கும் பேனாவுக்கும் கல்லாவுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். வருகிற பூஜைக்கு முன்னால், கடையில் கிடக்கும் பாதி பிளேடுகளையெல்லாம் அந்த டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு நல்ல கத்திக்கும் பொட்டு வையுங்கள்.

வளர்க வணிகம்.