பொடி மீனும் முங்கிப்போன ஊரும்

'ஒரு பொடி மீனுக்காக அணையை நிறுத்துவதா?' அமெரிக்காவில் வளர்ச்சி பேசுகிறவர்கள் ஐம்பது வருஷமாய்ச் சொல்லிச் சிரிக்கிற கதை இது. கதையில் பாதிதான் வெளியே வருது. மீதியை முழுங்கினது யாரு?

1973இல் டென்னஸி மாநிலத்தின் லிட்டில் டென்னஸி ஆற்றில் டேவிட் எட்னியர் என்ற உயிரியலாளர் அந்த மீனைக் கண்டார். மூன்று அங்குலம். நத்தை தின்னும். கூழாங்கல் படுகையும், ஓடிக்கொண்டே இருக்கிற ஆழங்குறைந்த தெளிந்த தண்ணீரும் வேணும். தண்ணீர் தேங்கி வண்டல் படிந்தால் கல்லிடுக்கு அடைபடும். முட்டைக்கும் இடமில்லை, நத்தைக்கும் இடமில்லை. அங்கேதான் டெலிகோ அணை எழும்பிக்கொண்டிருந்தது. அழியும் உயிரினங்கள் சட்டப்படி அணை நிற்க வேண்டும் என்று 1978இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மீனின் அறிவியல் பெயரில் 'டனாசி' இருக்கிறது. அது செரோக்கி மக்களின் பழைய ஊர். மாநிலத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். 1838இல் ராணுவத்தை வைத்து அந்த மக்களை மேற்கே விரட்டினார்கள். பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். முன்னோர் புதைகுழிகள் முங்கப்போகுதே என்று 1979இல் அவர்கள் வழக்குப் போட்டபோது, நிலம் உங்களுக்குச் சொந்தமில்லை என்றது கீழ் நீதிமன்றம். பிடுங்கினவன் பேரில் பட்டா இருந்தால், பறிகொடுத்தவனுக்குச் சாமியும் கிடையாதாம்!

சரி, ஆறாவது பிழைத்ததா? 1979 ஜனவரியில் அரசின் ஏழு பேர் குழுவே ஒருமனதாக மீன் பக்கம் நின்றது. அணை ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆனாலும் மீதி வேலைச் செலவைப் போட்டாலே வரவு தேறாது என்றது கணக்கு. பேரேடு எழுதுகிறவனுக்கு இது விளங்கும். நாடாளுமன்றத்துக்கு விளங்கவில்லை. ஒரு நிதி மசோதாவில் விலக்கைச் செருகினார்கள். நவம்பரில் மதகை மூடினார்கள். முன்பே ஹிவாசி ஆற்றுக்கு மாற்றிய மீன்கள் பிழைத்தன. வேறு ஆறுகளிலும் கண்டார்கள். 2022இல் அபாயப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். டனாசி தண்ணீருக்கு அடியில். 300க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் எடுத்த நிலத்தில் முங்காத பகுதியில் கரையோர வீட்டுமனைகள், கோல்ஃப் மைதானங்கள்.

2025இல் ஓர் ஆய்வு, இது தனி இனமே இல்லை, வேறொரு மீனினத்தின் கிழக்குக் கூட்டம்தான் என்றது. பாத்தீங்களா, அத்தனையும் பொய் என்று மறுபடி சிரிப்பு. மீனின் பேரை மாற்றினால் நீர்த்தேக்கம் ஆறாகிவிடுமா?

மீனையும் மக்களையும் எதிரெதிரே நிறுத்துவது அதிகாரத்தின் பழைய வேலை. இங்கே இரண்டு பேர் இடத்தையும் பிடுங்கியது ஒரே மதகு. தோழர்களே, 'பொடி மீனுக்காகவா?' என்று யாராவது கேட்டால், தண்ணிக்கு அடியில இருக்கிறது யாரு ஊருன்னு திருப்பிக் கேளுங்க.